உண்டும் இல்லையும்: ஆங்கிலத்தின் இருப்பு வாக்கியங்கள்



பாட்டி கதை சொல்லத் தொடங்கும்போது முதலில் எதைச் சொல்கிறாள்? ‘ஒரு ஊரிலே ஒரு ராஜா இருந்தார்’ என்கிறாள். அந்த ராஜா நல்லவரா, கெட்டவரா, என்ன செய்தார் என்பதெல்லாம் பின்னால் வரும். முதலில் அவர் ‘இருந்தார்’ என்பது நிறுவப்பட வேண்டும். ஆங்கிலக் குழந்தையும் இவ்வாறே கதை கேட்கிறது: ‘ஒன்ஸ் அப்பான் எ டைம் தேர் வாஸ் எ கிங்.’ இரண்டு மொழிகளிலும் கதையின் வாசல் இருப்பைக் கூறும் வாக்கியமே. அந்த வாக்கியத்தின் அமைப்பில் மட்டும் இரு மொழிகளும் வேறு வேறு வழிகளில் செல்கின்றன. அவ்வேறுபாட்டை அறியாமல் ஆங்கிலக் கவிதையை மொழிபெயர்க்கப் புகுபவர் வாசலிலேயே இடறி விழ நேர்கிறது.

டென்மார்க்கைச் சேர்ந்த மொழியறிஞர் ஆட்டோ யெஸ்பெர்சன், 1924இல் வெளிவந்த தம் ‘இலக்கணத்தின் மெய்யியல்’ நூலில், ஒன்று உண்டென்றோ இல்லையென்றோ கூறும் இவ்வகை வாக்கியங்களுக்கு ‘இருப்பு வாக்கியங்கள்’ என்று பொருள்படும் பெயரை முன்மொழிந்தார். உண்டு என்பதையும் இல்லை என்பதையும் ஒரே பெயரின்கீழ் அவர் அடக்கியது கருதத்தக்கது. இருப்பைப் பற்றிய பேச்சு, இன்மையைப் பற்றிய பேச்சும் ஆகும்.

ஆங்கில இருப்பு வாக்கியம் ‘தேர்’ என்ற சொல்லுடன் தொடங்குகிறது. பள்ளியில் அதற்கு ‘அங்கே’ என்று பொருள் கற்பிக்கப்படுகிறது. ஆனால் ‘தேர் இஸ் எ ட்ரீ இன் த கார்டன்’ என்ற வாக்கியத்தில் ‘அங்கே’ என்னும் பொருள் துளியும் இல்லை. ‘தோட்டத்தில் ஒரு மரம் இருக்கிறது’ என்பதே அதன் பொருள். இந்தத் ‘தேர்’ அழுத்தமின்றி, ஏறக்குறைய விழுங்கப்பட்டே ஒலிக்கும்; இடத்தைச் சுட்டும் ‘தேர்’ அழுத்தமாக ஒலிக்கும். ‘தேர் இஸ் எ மேன் தேர்’ என்று ஒரே வாக்கியத்தில் இரண்டும் வரலாம். முன்னது வெறும் வாசற்படி, பின்னது இடம். ஆங்கிலக் கவிதையில் வரும் ‘தேர் இஸ்’ எல்லாவற்றையும் ‘அங்கே ஒரு’ என்று தமிழாக்கும் வழக்கம் இந்த வேறுபாட்டைக் காணாததன் விளைவு. மூலக்கவிஞர் எந்தத் திசையிலும் விரல் நீட்டாதபோது மொழிபெயர்ப்பாளர் விரல் நீட்டிவிடுகிறார்.

பொருளற்ற இச்சொல் ஏன் வேண்டும்? ஆங்கிலத்தில் எழுவாயின் இடம் வெறுமையாக இருத்தல் ஆகாது. புதிதாக அறிமுகமாகும் பொருளை வாக்கியத்தின் தலையில் வைக்கவும் அம்மொழி தயங்குகிறது. எனவே எழுவாயின் நாற்காலியில் ‘தேர்’ என்பதை அமர்த்திவிட்டு, உண்மையான விருந்தினரை வினைக்குப் பின்னால் அழைத்து வருகிறது. வினை மட்டும் அந்த விருந்தினரையே மதிக்கிறது: ஒருமையானால் ‘தேர் இஸ்’, பன்மையானால் ‘தேர் ஆர்’. ஆயினும் வினாவில் ‘இஸ் தேர்’ என இடம் மாறுவதும், இறுதியில் ‘இஸ்ன்ட் தேர்?’ என ஒட்டுவினாவாக வருவதும் ‘தேர்’ என்பதுதான். நாற்காலியின் உரிமை அதற்கு முழுமையாகவே உண்டு.

தமிழுக்கு இந்த நாற்காலி வேண்டியதில்லை. ‘மேசையின்மேல் ஒரு புத்தகம் இருக்கிறது’ என்றால் புத்தகம் புதியது. ‘புத்தகம் மேசையின்மேல் இருக்கிறது’ என்றால் அது முன்பே பேசப்பட்ட புத்தகம். சொற்களின் வரிசையை மாற்றியே தமிழ் இதனை உணர்த்திவிடுகிறது. ஆங்கிலமோ முன்னதற்கு ‘தேர் இஸ் எ புக்’ என்றும் பின்னதற்கு ‘த புக் இஸ்’ என்றும் வெவ்வேறு வாக்கியங்களை நாடுகிறது.

இங்கே ஒரு நுட்பம். ‘எ’ என்பது இருப்பு வாக்கியத்தில் இயல்பாக வருகிறது, ‘த’ வருவதில்லை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1974இல் கேரி மில்சார்க் அளித்த ஆய்வேடு இதனை விரிவாக ஆராய்ந்தது. ஒரு, சில, பல, மூன்று, எதுவுமில்லை என்ற பொருள் தரும் அடைகள் இவ்வாக்கியத்தில் பொருந்தும். அந்த, எல்லா, ஒவ்வொரு, பெரும்பாலான என்பவை பொருந்தா. முன்பே தெரிந்த ஒன்றை மீண்டும் ‘உண்டு’ என்று அறிமுகம் செய்வது வீண் என்பதே இதன் உட்கிடை. ‘வேறென்ன மிச்சம்?’ என்று ஒருவர் கேட்க, மற்றவர் ‘விளக்கு இருக்கிறது, பாய் இருக்கிறது’ என்று எண்ணிக்கொண்டே போகும் இடத்தில் மட்டும் ஆங்கிலம் ‘த’ என்பதற்கு இசைகிறது. மறந்திருந்ததை நினைவூட்டுவதும் ஒருவகை அறிமுகமே.

இனி எதிர்மறை. ஆங்கிலத்தில் இன்மையைக் கூற இரண்டு வழிகள் உண்டு. ‘தேர் ஆர் சம் புக்ஸ்’ என்ற உடன்பாட்டை ‘தேர் ஆர் நாட் எனி புக்ஸ்’ என்றும் ‘தேர் ஆர் நோ புக்ஸ்’ என்றும் மறுக்கலாம். முதல் வழியில் மறுப்பு வினையோடு சேர்கிறது. ‘சம்’ மறைந்து ‘எனி’ வருகிறது. இரண்டாம் வழியில் மறுப்பு பெயரோடு சேர்கிறது; வினை உடன்பாட்டு வடிவிலேயே நிற்கிறது. பின்னதில் உறுதி மிகுதி. இரண்டையும் சேர்த்து ஒரே வாக்கியத்தில் இருமுறை மறுப்பதை இன்றைய எழுத்து ஆங்கிலம் ஏற்பதில்லை. ஆனால் சாசர் காலத்து ஆங்கிலத்தில் ஒரு மறுப்பை இன்னொரு மறுப்பால் வலுப்படுத்துவது இயல்பான வழக்கு. மக்கள் பேச்சில் அது இன்றும் வாழ்கிறது. அதைப் பிழை என்று ஒதுக்குவது கற்றோரின் பிற்கால ஏற்பாடு.

தமிழில் ‘இல்லை’ என்ற ஒரு சொல்லே போதும். அது காலம் காட்டாது. திணை, பால், எண், இடம் எதற்கும் வளையாது. ‘நேற்று அவர் இல்லை, இன்று மழை இல்லை, நாளை வகுப்புகள் இல்லை’ என மூன்று காலத்துக்கும் அது ஒன்றே. தொல்காப்பியர் வினையியலில் இரு திணைக்கும் பொதுவான சொற்களை எண்ணும்போது இன்மை கூறும் சொல்லை அதில் சேர்த்தார்; ‘உண்டு’ என்பதைச் சேர்க்கவில்லை. பின்வந்த பவணந்தியார் நன்னூலில் ‘இல்லை’ என்பதோடு ‘உண்டு’ என்பதையும் ஐம்பாலுக்கும் மூவிடத்துக்கும் பொதுவாக்கினார். தமிழில் இன்மைச் சொல்லே முதலில் எல்லாருக்கும் பொதுவாயிற்று. இருப்புச் சொல் பின்னரே அந்த உரிமையைப் பெற்றது. எண்ணி எண்ணிச் சுவைக்கத்தக்க செய்தி இது.

மற்றொரு செல்வமும் தமிழுக்கு உண்டு. ‘கவிதை இல்லை’ என்பது வேறு. ‘இது கவிதை அன்று’ என்பது வேறு. முன்னது இருப்பை மறுக்கிறது. பின்னது தன்மையை மறுக்கிறது. ஆங்கிலம் இரண்டுக்கும் ‘இஸ் நாட்’ என்பதையே கொண்டு, முன்னதற்குத் ‘தேர்’ சேர்த்து வேறுபடுத்துகிறது. இன்றைய தமிழ்ப் பேச்சில் ‘இது கவிதை இல்லை’ என்பதே எங்கும் கேட்கிறது. பேச்சு தன் வழியே செல்லட்டும். ஆனால் எழுதுகோல் பிடித்தவர்கள் அன்று, அல்ல, அல்லன், அல்லள், அல்லர் என்பவற்றைக் கைவிட்டால், ஆங்கிலம் ஒரு துணைச்சொல்லைக் கொண்டு காப்பாற்றிக்கொண்ட வேறுபாட்டைத் தமிழ் தானே இழந்ததாகும்.

மறுப்பு வாக்கியத்தில் எங்கே நிற்கிறது என்பது கவிஞருக்கு மிக முக்கியம். ஆங்கிலம் ‘தேர் இஸ் நோ’ என்று மறுத்துவிட்டுப் பிறகே பொருளின் பெயரைச் சொல்கிறது. தமிழோ பொருளை முழுமையாக மனக்கண்முன் நிறுத்திவிட்டு, கடைசிச் சொல்லால் அழிக்கிறது. ‘முற்றத்தில் கோலம்’ என்றதும் கோலம் தோன்றிவிடுகிறது; ‘இல்லை’ என்றதும் அது கலைகிறது. கலைந்த பின்னும் அதன் வெண்மை கொஞ்சம் மிஞ்சுகிறது. இழப்பைப் பாடுவதற்குத் தமிழ் வாக்கியமே ஒரு கருவியாக அமைந்துவிடுகிறது. மேலும், எதிர்பார்ப்பு இல்லாத இடத்தில் இன்மைக் கூற்று பிறப்பதில்லை. இந்த மண்டபத்தில் யானை இல்லை என்று எவரும் சொல்வதில்லை. முற்றத்தில் கோலம் இல்லை என்று ஒருவர் சொன்னால், அங்கே நாள்தோறும் கோலமிட்ட ஒரு கையும் அவ்வாக்கியத்துக்குள் வந்துவிடுகிறது.

உண்டு என்பதற்கும் இல்லை என்பதற்கும் பொறுப்பு ஒன்றன்று. உண்டு என்று நிறுவ ஒரே ஒரு சான்று போதும். இல்லை என்று நிறுவ உலகம் முழுவதையும் தேடியாக வேண்டும். கரிய அன்னம் இல்லை என்று ஐரோப்பியர் நூற்றாண்டுகளாக நம்பினர். இல்லாத ஒன்றுக்கு உவமையாகவே அதனைக் கூறினர். 1697இல் டச்சு மாலுமி வில்லெம் டி விளாமிங்கின் குழுவினர் மேற்கு ஆஸ்திரேலியாவின் ஆறொன்றில் கரிய அன்னங்களைக் கண்டனர். அந்த ஆற்றுக்கு இன்றும் அன்ன ஆறு என்பதே பெயர். ஒரு நீர்நிலையும் சில பறவைகளும் ஒரு பெரும் ‘இல்லை’யைக் கவிழ்த்துவிட்டன.

எனவே பொதுவாழ்வில் ஒருவர் ‘இல்லை’ என்னும்போது செவி கூர்மையாக வேண்டும். 1979 முதல் 1990 வரை பிரிட்டனின் பிரதமராக இருந்த மார்கரெட் தாட்சர் தம் பொருளாதாரக் கொள்கைக்குத் துணையாக ‘தேர் இஸ் நோ ஆல்டர்னேட்டிவ்’, மாற்று வழி இல்லை, என்ற வாக்கியத்தைப் பலமுறை பயன்படுத்தினார். அதன் முதலெழுத்துகள் ‘டினா’ என்று ஒரு பெயராகவே வழங்கலாயின. இலக்கணப்படி அது குறையற்ற வாக்கியம். ஆனால் தேடியவர் யார், எங்கே தேடினார் என்பதற்கு அதில் இடமே இல்லை. எழுவாயின் இடத்தில் பொருளற்ற ‘தேர்’ அமர்ந்திருக்கிறது. உடன்பாட்டிலும் இதே மறைப்பு நேர்வதுண்டு. ‘உயிரிழப்புகள் இருந்தன’ என்ற செய்தியில் இழப்புகள் உண்டு. இழக்கச் செய்தவர் இல்லை.

இன்மைச் சொல்லைப் பொருளாகக் கொள்ளும் விளையாட்டும் ஆங்கிலத்தில் உண்டு. 1871இல் வெளிவந்த லூயிஸ் கரோலின் ‘கண்ணாடியின் ஊடே’ நூலில், சாலையில் எவரையும் காணவில்லை என்று சிறுமி ஆலிஸ் சொல்ல, வெள்ளை அரசர் ‘நோபடி’ என்பதை ஓர் ஆளின் பெயராகக் கொண்டு அவள் கண்பார்வையை வியக்கிறார். ‘நோபடி’ எழுவாயாகவும் செயப்படுபொருளாகவும் பெயர்போல் நிற்பதால் வந்த வேடிக்கை அது. 1921இல் வெளிவந்த வாலஸ் ஸ்டீவன்ஸின் ‘பனி மனிதன்’ கவிதையின் முடிவில் அதே இலக்கணம் வேடிக்கையாக இல்லாமல் தரிசனமாகிறது. அங்கே ‘நத்திங்’ முதலில் அடையின்றி மறுப்பாக வருகிறது; அடுத்து ‘த’ என்ற அடையைப் பெற்று, இருக்கின்ற ஒரு பொருளாகவே நிற்கிறது. ஒரு சிறு அடையின் வரவால் இல்லாமை இருப்பாகிறது. தமிழில் ‘த’ இல்லை. ஆனால் ‘இல்லை’யிலிருந்து ‘இன்மை’யைப் பெயராக்கும் ஆற்றல் உண்டு. அக்கவிதையைத் தமிழாக்குபவர் ‘எதுவும் இல்லை’ என்று இருமுறை எழுதினால் கவிதை போய்விடும். முதலில் ‘இல்லை’யையும் பின்னர் ‘இன்மை’யையும் தேர்ந்தால் கவிதை பிழைக்கும்.

பத்தாண்டுகளாக ஒரு வட்டம் கூடுகிறது என்பதும் ஓர் இருப்பு வாக்கியமே. அதற்குச் சான்று, வந்து அமர்ந்தவர்கள். வராது போனவர்களின் நாற்காலிகள் அதே வாக்கியத்தின் எதிர்மறை. இரண்டையும் அறிந்து எழுதுபவர் கையில் ‘உண்டு’ பொய்க்காது, ‘இல்லை’ பொறுப்பற்றுப் போகாது. ஆங்கில இலக்கணம் கற்பதன் பயன் ஆங்கிலம் எழுதுவதோடு நிற்பதன்று. தமிழில் ஒன்றை உண்டென்னும் முன்னும் இல்லையென்னும் முன்னும் ஒரு கணம் நின்று எண்ணச் செய்வதும் அதன் பயனே.