குளிர்பெட்டியில் கிடக்கும் ஈஸ்ட்

1978-இல் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டத்துக்குப் பிறகு, வீட்டிலேயே பீர் காய்ச்சுவது அமெரிக்காவில் பெரும் பொழுதுபோக்காக வளர்ந்தது. அப்படிக் காய்ச்சுபவர்களின் குளிர்பெட்டியில், எப்போதோ எடுத்துவைத்த ஈஸ்ட் ஒரு குடுவையின் அடியில் வெளிறிய வண்டலாகப் படிந்து கிடக்கும். மாதங்கள் கழித்து அதைப் பார்க்கும்போது சிலர் செத்துவிட்டது என்று கொட்டிவிடுகிறார்கள். சிலர் அப்படியே புதுப் பீரில் கலந்துவிடுகிறார்கள். இரண்டுமே தவறு என்பேன்.

ஈஸ்ட் அவ்வளவு சுலபத்தில் சாகாது. கோப்பன்ஹேகனின் கார்ல்ஸ்பர்க் ஆய்வகத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் 1883-இல் தூய ஈஸ்ட்டை வளர்த்தெடுத்தார். அந்தக் காலத்துப் புட்டி ஒன்றில் மிஞ்சியிருந்த ஈஸ்ட்டை ஆய்வாளர்கள் உயிர்ப்பித்து, 2016-இல் அதைக் கொண்டே பீர் காய்ச்சினார்கள். ஆனால் உயிரோடு இருப்பது வேறு, வேலைக்குத் தயாராக இருப்பது வேறு. குளிரில் கிடக்கும் செல் தன் சேமிப்பான கிளைக்கோஜனைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றே காலம் தள்ளுகிறது. பெருகுவதற்குச் செல்சவ்வில் ஸ்டெரால் வேண்டும். அதை உண்டாக்க ஆக்ஸிஜன் வேண்டும். எண்ணிக்கையும் குறைந்திருக்கும். 20 லிட்டர் சாதாரண ஏல் பீருக்கு ஏறத்தாழ 18,000 கோடி செல்கள் தேவை, லாகருக்கு அதைப்போல் இரு மடங்கு. பட்டினி கிடந்த சிறு கூட்டத்தை அத்தனை மால்ட் சாற்றில் இறக்கினால் நொதித்தல் தொடங்கவே நாளாகும், அதற்குள் வேறு கிருமிகள் இடம்பிடித்துவிடும்.

ஆகவே முதலில் சிறிய அளவில் ஊட்டி எழுப்ப வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 100 கிராம் உலர் மால்ட் சாற்றுத்தூள் போட்டுக் கால் மணி நேரம் கொதிக்கவிட்டு, 20 டிகிரி செல்சியஸ் அளவுக்கு ஆற்ற வேண்டும். குடுவையில் மேலே தெளிந்து நிற்பதை வடித்துவிட்டு, அடி வண்டலை இதில் கலந்து, காற்றுப் போய்வரும்படி தளர்வாக மூடி, அவ்வப்போது குலுக்கிவிட்டால் பெரும்பாலும் ஓரிரு நாளில் நுரைத்து எழும். மிகப் பழையதென்றால் கால் லிட்டரில் தொடங்கிப் பிறகு கூட்டுவது நல்லது. சாற்றை அடர்த்தியாகக் காய்ச்ச வேண்டாம். மிகுந்த சர்க்கரை நலிந்த செல்லை வதைக்கும்.

புது பாக்கெட் வாங்கினால் போதாதா என்று கேட்கலாம். வாங்கலாம்தான். ஆனால் கடையில் நெடுநாள் கிடந்த திரவ ஈஸ்ட்டிலும் செல்கள் செத்துக்கொண்டுதான் இருக்கும். கிருமி புகுந்திருந்தால் என்ன செய்வது என்ற கேள்விக்குத்தான் வலு அதிகம். அதற்கு இந்தச் சிறு வளர்ப்பே விடை: பழைய உறைமோரைக் கிண்ணப் பாலில் ஊற்றிப் பார்த்த பிறகு அண்டாவுக்குப் போவது போன்றது இது. காடி நெடி வந்தாலோ மேலே ஏடு படர்ந்தாலோ தயங்காமல் கொட்டிவிடலாம். நட்டம் ஒரு லிட்டரோடு போகும், 20 லிட்டர் பீர் தப்பும். திரும்பத் திரும்ப வளர்த்தால் ஈஸ்ட்டின் குணம் மாறும் என்பதும் உண்மையே. அதனால் அடுத்த முறைக்கு வேண்டியதைப் பீர் காய்ச்சி முடித்த வண்டலிலிருந்து எடுக்காமல், இப்போது நுரைத்து நிற்கும் இந்தச் சாற்றிலிருந்தே ஒரு பங்கு எடுத்து, கொதிநீரில் சுத்தம் செய்த குடுவையில் ஊற்றி, தேதி எழுதிக் குளிரில் வைத்துவிடுங்கள்.