பனிக்காலப் பாசறையில் படை மருத்துவர்கள்



போர் என்றதும் நம் நினைவுக்கு வருவன துப்பாக்கியும் பீரங்கியும்தான். ஆனால் அந்தக் காலத்துப் போர்களில் குண்டுபட்டு இறந்தவர்களைவிட நோயில் விழுந்து இறந்தவர்களே அதிகம். ஒரு சண்டைகூட நடக்காத ஓர் இடத்தில், ஆறே மாதத்தில், ஏறத்தாழ 2,000 போர்வீரர்களை ஒரு படை பறிகொடுத்தது என்றால் நம்புவீர்களா? அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்திலுள்ள அந்த இடத்தின் பெயர் வேலி ஃபோர்ஜ். அங்கே வீரர்கள் பனிக்காலத்தை எப்படிக் கழித்தார்கள், மருத்துவர்கள் என்ன பாடுபட்டார்கள், அந்தப் படை எதைக் கற்றுக்கொண்டது என்பதை இன்று பார்ப்போம்.

அமெரிக்காவின் 13 குடியேற்ற நாடுகள் பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து 1775-இல் போர் தொடங்கின. படைத்தலைவர் ஜார்ஜ் வாஷிங்டன். 1777 செப்டம்பரில் பிரிட்டிஷ் படை பிலடெல்பியா நகரைக் கைப்பற்றியது. குளிர்காலம் வந்துவிட்டால் அந்நாளில் படைகள் பெரும்பாலும் சண்டையை நிறுத்திக்கொள்ளும். பாதையெல்லாம் பனியும் சேறுமாகிவிடும். குதிரைக்குப் புல்லும் கிடைக்காது. ஆகவே வாஷிங்டன் 1777 டிசம்பர் 19-ஆம் நாள், பிலடெல்பியாவிலிருந்து ஏறத்தாழ 20 மைல் தொலைவிலிருந்த வேலி ஃபோர்ஜில் பாசறை அமைத்தார். அவருடன் வந்தவர்கள் சுமார் 12,000 வீரர்கள். அவர்களைத் தொடர்ந்து நூற்றுக்கணக்கான பெண்களும் குழந்தைகளும் வந்தனர்.

அவர்கள் வந்து சேர்ந்தபோது அங்கே தங்குவதற்கு வீடு ஏது? காட்டு மரங்களை வெட்டி அவர்களே குடிசை கட்டினார்கள். ஒவ்வொரு குடிசையும் 14 அடி அகலம், 16 அடி நீளம் இருக்கவேண்டும். அதில் 12 வீரர்கள் தங்கவேண்டும் என்பது கட்டளை. மர இடுக்குகளைக் களிமண்ணால் அடைத்தார்கள். ஒரு பக்கத்தில் கணப்பு. பச்சை விறகு எரிந்தால் புகை எங்கே போகும்? குடிசைக்குள்ளேயே சுற்றும், கண் எரியும். லயத்து வீட்டில் ஒரே அறையில் பெரிய குடும்பமாக வாழ்ந்து பார்த்த நம் மூத்தவர்களுக்கு இந்த நெருக்கத்தை விளக்கிச் சொல்லவேண்டியதில்லை.

உடையும் இல்லை, காலணியும் இல்லை. காலில் போட ஒன்றுமில்லாமலும் உடுத்தத் துணியில்லாமலும் 2,898 பேர் வேலைக்கு உதவாமல் கிடக்கிறார்கள் என்று வாஷிங்டன் டிசம்பர் 23-ஆம் நாள் நாடாளுமன்றத்துக்கு எழுதினார். உணவின் நிலையும் அதுதான். வெறும் மாவைத் தண்ணீரில் பிசைந்து நெருப்பில் சுட்ட அடையே பல நாள் அவர்களின் உணவு. ஜோசப் பிளம் மார்ட்டின் என்ற 17 வயது இளைஞர் அந்தப் படையில் சாதாரணச் சிப்பாய். பாசறைக்கு வரும் வழியில், நன்றி கூறும் திருநாள் என்று சொல்லி ஆளுக்குக் கைப்பிடி அளவு அரிசியும் ஒரு மேசைக்கரண்டி வினிகரும் கொடுத்ததை அவர் தம் முதுமையில் எழுதி வைத்திருக்கிறார்.

அந்தப் பாசறையில் கனெக்டிகட்டைச் சேர்ந்த ஆல்பிஜென்ஸ் வால்டோ என்ற படை மருத்துவர் இருந்தார். அவர் எழுதிய நாட்குறிப்பு இன்றும் கிடைக்கிறது. குளிர், புகை, அழுக்குத் துணி, கெட்ட சாப்பாடு எல்லாவற்றையும் அவர் மறைக்காமல் எழுதினார். 1778 ஜனவரி மாதத்தில் ஒரு நாள், சாகக் கிடக்கும் ஒரு வீரரைப் பார்க்க அவரை அழைத்தார்கள். அவர் குடிசையை அடையுமுன் அந்த வீரர் உயிர்விட்டுவிட்டார். அமெரிக்காவின் பூர்வகுடியைச் சேர்ந்தவர் அவர். நல்ல சிப்பாய், சொன்ன சொல் தட்டாதவர், இனிய குணம் படைத்தவர் என்று வால்டோ எழுதுகிறார். ஆனால் அவருடைய பெயர் அங்கே எழுதப்படவில்லை. பாசறையில் மாண்ட பலருடைய நிலை அதுதான்.

சரி, இத்தனை பேரைக் கொன்றது எது? பனிக்குளிர் என்றுதான் நாம் நினைப்போம். கணக்கைப் பார்த்தால் அப்படியில்லை. இறந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் மார்ச், ஏப்ரல், மே மாதங்களில்தான் இறந்தார்கள். அதாவது பனி உருகி, வெயில் வந்து, உணவும் ஓரளவு கிடைக்கத் தொடங்கிய பிறகு! அவர்களைக் கொன்றவை காய்ச்சலும் வயிற்றுப்போக்கும்தான். செத்த குதிரைகள் புதைக்கப்படாமல் கிடந்தன. ஆடுமாடுகளை அறுத்த கழிவு அங்கங்கே கிடந்தது. மலம் கழிக்கக் குழி வெட்டியிருந்தும் பலர் அதுவரை நடந்து போகவில்லை. பனி உருகியபோது அந்த அசுத்தமெல்லாம் நீரோடு கலந்தது. குடலைக் கெடுக்கும் நோய்கள் பரவ இதைவிட வேறென்ன வேண்டும்?

இன்னொரு கொடிய நோய் டைபஸ் காய்ச்சல். சிறைக்காய்ச்சல், ஆஸ்பத்திரிக் காய்ச்சல் என்றும் அதைச் சொல்வார்கள். உடுத்திய துணியிலுள்ள பேன்தான் அதைப் பரப்புகிறது என்பதைப் பிரெஞ்சு மருத்துவர் சார்ல் நிக்கோல் 1909-இல்தான் கண்டுபிடித்தார். வேலி ஃபோர்ஜ் மருத்துவர்களுக்கு அது தெரியாது. கெட்ட காற்றுதான் நோய்க்குக் காரணம் என்று அவர்கள் நம்பினார்கள். ஆகவே குடிசைக்குள் துப்பாக்கி மருந்தையும் தாரையும் எரித்துக் காற்றைச் சுத்தமாக்கப் பார்த்தார்கள். அந்தப் புகையால் பேன் சாகாது. ஆனால் அதே நம்பிக்கையால் அவர்கள் செய்த வேறு சில காரியங்கள் பலன் தந்தன. இளவேனிலில் மர இடுக்கிலிருந்த களிமண்ணைப் பெயர்த்து எடுத்துக் காற்று உள்ளே வர வழி செய்தார்கள். செத்த விலங்குகளைப் புதைத்தார்கள். காரணம் தெரியாவிட்டாலும் சுத்தம் உயிரைக் காக்கும் என்பதை அனுபவத்தில் கண்டார்கள்.

நோயாளிகளை எங்கே வைப்பது? பாசறைக்குள் படைப்பிரிவு ஒன்றுக்கு இரண்டு மருத்துவக் குடிசைகள் கட்டச் சொன்னார் வாஷிங்டன். 15 அடி அகலம், 25 அடி நீளம், குறைந்தது 9 அடி உயரம், இருபுறமும் சன்னல் என்று அளவும் கொடுத்தார். கடும் நோயாளிகளை வண்டியில் ஏற்றி வெளியூர்களுக்கு அனுப்பினார்கள். பெத்லகேம் என்ற ஊரில் மொராவியக் கிறிஸ்தவர்களின் பெரிய வீடு ஒன்று ஆஸ்பத்திரியாக்கப்பட்டது. அங்கே தாங்கக்கூடிய அளவுக்கு மேல் நோயாளிகளை அடைத்தார்கள். ஒரே வைக்கோல் படுக்கையில், அதை மாற்றுமுன், நாலைந்து பேர் அடுத்தடுத்து இறந்ததைப் பார்த்ததாக அக்காலத்து மருத்துவர் ஒருவர் கூறியிருக்கிறார். குணமடையப் போனவனுக்கு முன்னவனின் நோயும் சேர்ந்து ஒட்டிக்கொண்டது.

அங்கே பணிவிடை செய்த பெண்களையும் நாம் மறக்கலாகாது. பத்து நோயாளிகளுக்கு ஒரு தாதி, நூறு பேருக்கு ஒரு மேற்பார்வைத் தாதி என்று 1777 ஏப்ரலில் நாடாளுமன்றம் விதித்தது. நோயாளியைக் கழுவுவது, கழிவை அகற்றுவது, அறையைப் பெருக்குவது, வினிகர் தெளிப்பது எல்லாம் தாதியின் வேலை. பாசறையில் துணி துவைத்தவர்களும் பெண்களே. பேனும் அழுக்கும் பரப்பிய நோய்க்கு அவர்களுடைய துவைகல்லே நல்ல மருந்தாயிற்று. அன்று அதை யாரும் மருத்துவம் என்று எண்ணவில்லை.

இனி, அந்த மருத்துவர்கள் பெற்ற பெரிய வெற்றியைச் சொல்கிறோம். அது பெரியம்மையை வென்றது. 1775-76 பனிக்காலத்தில் கனடாவின் கியூபெக் நகரை முற்றுகையிட்ட அமெரிக்கப் படையைப் பெரியம்மை சிதறடித்தது. அந்தப் படைக்குத் தலைமை தாங்கிய ஜெனரல் ஜான் தாமஸும் 1776 ஜூனில் அந்த நோயால் இறந்தார். வாஷிங்டனுக்கு அந்த நோயை நன்றாகத் தெரியும். 1751-இல், 19 வயதில், பார்படோஸ் தீவில் அவருக்கே அம்மை கண்டிருந்தது. ஆகவே 1777 பிப்ரவரியில், இதுவரை அம்மை வராத வீரர் அனைவருக்கும் அம்மைப்பால் ஏற்றும்படி அவர் உத்தரவிட்டார்.

இது பிற்காலத்து அம்மை குத்துதல் அன்று. பசுவின் அம்மையைக் கொண்டு எட்வர்ட் ஜென்னர் தடுப்பு முறை கண்டது 1796-இல்தான். அதற்கு முன்பிருந்த முறையில், பெரியம்மை கண்டவரின் கொப்புளச் சீழையே எடுத்து, நல்ல உடம்பில் சிறு கீறல் போட்டுச் செலுத்துவார்கள். உண்மையான பெரியம்மையே வரும். ஆனால் பெரும்பாலும் இலேசாக வந்து போகும். சிலர் இறக்கவும் கூடும். இருந்தாலும் தானாக வரும் அம்மையில் இறப்பவர்களோடு ஒப்பிட்டால் அது மிகச் சிறு தொகை. நாம் முன்பு சொன்ன மார்ட்டினும் 16 வயதில், ஏறத்தாழ 400 வீரர்களோடு சேர்ந்து இப்படிக் கீறிக்கொண்டவர்தான்.

வேலி ஃபோர்ஜில் அம்மை காணாதவர்கள் ஏறத்தாழ 3,000 முதல் 4,000 பேர் இருந்தார்கள். அவர்களுக்கும் 1778-இன் தொடக்கத்தில் அம்மைப்பால் ஏற்றினார்கள். ஆயிரக்கணக்கான வீரர்கள் ஒரே காலத்தில் கொப்புளத்தோடு படுத்துக் கிடப்பது எதிரிக்குத் தெரிந்தால் என்ன ஆகும்? 20 மைலுக்கு அப்பால் பிரிட்டிஷ் படை இருக்கிறது. ஆகவே காரியத்தை இரகசியமாகவே நடத்தினார்கள். துணிந்து எடுத்த அந்த முடிவால், பெரியம்மை அந்தப் படையை மறுபடி அழிக்க முடியாமல் போயிற்று.

1778 பிப்ரவரியில் பிரஷ்யரான ஸ்டாய்பன் என்ற படை ஆசிரியர் பாசறைக்கு வந்தார். அவர் வீரர்களுக்கு அணிவகுப்பைக் கற்றுக்கொடுத்ததைத்தான் பலரும் பேசுவார்கள். பாசறையை எப்படி வைத்துக்கொள்வது என்பதையும் அவரே கற்றுக்கொடுத்தார். 1779-இல் அவர் எழுதிய படை விதிகளில், மலக்குழிகள் கூடாரங்களிலிருந்து 300 அடி தள்ளி இருக்கவேண்டும், பழைய குழிகளை மூடிவிட்டு நான்கு நாளுக்கு ஒருமுறை புதுக்குழி வெட்டவேண்டும் என்று இருக்கிறது. நோயாளி படுத்த வைக்கோலை எரித்துவிட வேண்டும், படுக்கையைத் துவைத்துக் காற்றாடப் போட்ட பிறகே அடுத்தவருக்குக் கொடுக்கவேண்டும் என்றும் இருக்கிறது. பெத்லகேமில் நடந்ததை எண்ணிப் பார்த்தால் அந்த விதியின் அருமை புரியும்.

இதனால் பலன் கிடைத்ததா? 1779-80 பனிக்காலத்தை வாஷிங்டனின் படை மோரிஸ்டவுன் என்ற இடத்தில் கழித்தது. அந்த நூற்றாண்டின் மிகக் கொடிய பனிக்காலம் அது. நியூயார்க் துறைமுகமே உறைந்துபோனது. அந்த முறையும் பசி இருந்தது. உடைப் பஞ்சமும் இருந்தது. குளிரோ வேலி ஃபோர்ஜைவிடப் பன்மடங்கு. ஆனால் அங்கே இறந்தவர்கள் நூற்றுக்கும் குறைவு. அங்கேதான் ஜேம்ஸ் டில்டன் என்ற மருத்துவர், நோயாளிகளை நெருக்கி அடைக்காமல் சிறு சிறு தொகுதியாக வைக்கும் மரக் குடில் ஆஸ்பத்திரியைக் கட்டினார். ஆஸ்பத்திரிக் காய்ச்சலில் தாமே விழுந்து, சாவின் விளிம்புவரை போய்ப் பிழைத்தவர் அவர்.

நேயர்களே, இரண்டு பனிக்காலங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். இரண்டுக்கும் நடுவே புது மருந்து எதுவும் வந்துவிடவில்லை. வந்தவை கட்டுப்பாடும் சுத்தமும் காற்றோட்டமும்தான்.

பெரியம்மை இன்று உலகில் இல்லை. அது அடியோடு ஒழிந்தது என்று உலகச் சுகாதார நிறுவனம் 1980-இல் அறிவித்தது. நம் வீட்டுப் பெரியவர்களின் மேற்கையில் இருக்கும் தழும்பு அந்த வெற்றியின் அடையாளம். ஆனால் வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் நம்மைவிட்டுப் போய்விடவில்லை. குடிக்கும் தண்ணீரைக் கொதிக்க வைப்பதும், கழிவிடத்தைக் கிணற்றுக்கும் அடுப்படிக்கும் தள்ளி வைப்பதும், கால்வாயை அடைபடாமல் பார்த்துக்கொள்வதும், நோயாளியின் பாயையும் போர்வையையும் துவைத்து வெயிலில் உலர்த்துவதும் பெரிய செலவில்லாத காரியங்கள். பிள்ளைக்குத் தடுப்பூசி போடும் நாளைத் தவறவிடாமல் இருப்பதும் அப்படித்தான். இவற்றில் ஒன்றைத் தன் வீட்டில் மட்டும் செய்தால் போதாது. வரிசையிலுள்ள எல்லா வீடும் சேர்ந்து செய்யவேண்டும். ஒருவர் குழிவரை நடக்கச் சோம்பல்பட்டதற்கு ஒரு பாசறையே விலை கொடுத்ததை நாம் பார்த்தோம் அல்லவா?