கையும் கல்வியும்: புக்கர் வாஷிங்டனின் 34 ஆண்டுகள்



கல்வி நிலையங்களைத் தொடங்குவோர் பலர். தொடங்கிய நாள்முதல் இறுதி மூச்சு வரை அவற்றைத் தாங்கி நிற்போர் சிலர். அச்சிலருள் ஒருவர், அமெரிக்க நாட்டின் அலபாமா மாநிலத்தில் டஸ்கீகி என்னும் சிற்றூரில் தொழிற்கல்வி நிறுவனம் ஒன்றை 34 ஆண்டுகள் தலைமையேற்று நடத்திய புக்கர் டி. வாஷிங்டன்.

அவர் 1856ஆம் ஆண்டு வர்ஜீனியாவில் அடிமைத் தாய்க்கு மகனாகப் பிறந்தார். உள்நாட்டுப் போரின் முடிவில் விடுதலை பெற்று, உப்புக் காய்ச்சும் உலையிலும் நிலக்கரிச் சுரங்கத்திலும் உழைத்தார். கல்வி வேட்கை மிகவே, 1872இல் ஏறத்தாழ 500 மைல் தொலைவிலிருந்த ஹாம்ப்டன் பள்ளியை நாடிப் புறப்பட்டார். வழியின் ஒரு பகுதியை நடந்தே கடந்தார். அங்கு அவருக்கு அமைந்த நுழைவுத் தேர்வு ஓர் அறையைப் பெருக்குவது. மும்முறை பெருக்கி, நான்கு முறை தூசு துடைத்து அத்தேர்வில் வென்றார்.

டஸ்கீகிப் பள்ளி தோன்றியதற்குக் கறுப்பின மக்களின் வாக்குரிமையே காரணம் என்பதை ஈண்டு நினைவிற்கொள்ள வேண்டும். 1880ஆம் ஆண்டுத் தேர்தலில் அம்மக்களின் ஆதரவை வேட்பாளர் ஒருவர் வேண்டினார். முன்னாள் அடிமையும் தகரக் கைவினைஞருமான லூயிஸ் ஆடம்ஸ், அதற்கு ஈடாகத் தம் மக்களுக்கு ஒரு பள்ளி வேண்டுமென்றார். அரசு ஆண்டுக்கு 2,000 டாலர் ஒதுக்கியது. அது ஆசிரியர் ஊதியத்திற்கு மட்டுமே உரியது. நிலமும் இல்லை, கட்டடமும் இல்லை. 1881 ஜூலை 4ஆம் நாள், பாழடைந்த குடிசை ஒன்றில் 30 மாணவருடன் பள்ளி தொடங்கிற்று. மழை பெய்தால் மாணவர் ஒருவர் குடைபிடிக்க, ஆசிரியர் பாடம் நடத்துவார்.

பின்னர், கைவிடப்பட்ட 100 ஏக்கர் பண்ணை 500 டாலர் விலைக்கு வாங்கப்பட்டது. நிலத்தைத் திருத்த மாணவர்கள் தயங்கினர். படித்தவர் உடலுழைப்பில் ஈடுபடலாகாது என்னும் எண்ணம் அங்கும் இருந்தது. எங்கள் பிள்ளைகளுக்கு ஏட்டுக் கல்வி போதும் என்று பெற்றோரும் மறுத்துரைத்தனர். வாஷிங்டன் வாதிடவில்லை, கோடரியைத் தோளில் ஏந்தித் தாமே முதலில் காட்டிற்குள் நடந்தார். மாணவரும் பின்தொடர்ந்தனர்.

கட்டடம் எழுப்பச் செங்கல் வேண்டியிருந்தது. மூன்று சூளைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோல்வியுற்றன, கையிருப்பும் தீர்ந்தது. அவர் தம் கடிகாரத்தை 15 டாலருக்கு அடகு வைத்து நான்காம் சூளையை மூட்டினார். அது வெற்றி கண்டது. கறுப்பினத்தவர் பள்ளியை ஏற்காத வெள்ளையரும் நல்ல செங்கல்லை நாடி அதன் வாயிலுக்கு வந்தனர். 1892இல் கட்டடக்கலை வல்லுநர் ராபர்ட் டெய்லரும், 1896இல் வேளாண் அறிஞர் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வரும் அங்கு ஆசிரியராயினர். 1906இல் வேளாண் கருவிகளை ஏற்றிய வண்டி ஒன்று உழவர்தம் வயல்களுக்கே சென்று கற்பித்தது.

இவ்வளர்ச்சிக்கு ஒரு விலையும் இருந்தது. 1895இல் அட்லாண்டாவில் ஆற்றிய உரையில், தம் மக்கள் அரசியல் உரிமைக்குப் போராடுவதினும் தொழிலாலும் பொருளாலும் முதற்கண் உயர்தல் நன்று என்றார். வெள்ளையர் போற்றினர், செல்வர் நன்கொடைகளை வாரி வழங்கினர். 1901இல் அலபாமாவின் புதிய அரசமைப்பு, கறுப்பின மக்களுள் மிகப் பெரும்பாலோரின் வாக்குரிமையைப் பறித்தது. எந்த வாக்கால் பள்ளி பிறந்ததோ, அந்த வாக்கே போயிற்று. அவரோ பொதுமேடையில் கடுஞ்சொல் கூறவில்லை. இப்பணிவு மக்களின் உரிமையை விட்டுக்கொடுப்பதாகும் என்று அறிஞர் டுபாய்ஸ் 1903இல் கண்டித்து எழுதினார்.

அதே காலத்தில் அந்த அரசமைப்பை எதிர்த்து உச்சநீதிமன்றம் வரை சென்ற வழக்குகளுக்கு வாஷிங்டன் மறைவாகப் பொருளுதவி செய்துவந்தார் என்பது பின்னரே வெளிப்பட்டது. அவ்வழக்குகள் வெல்லவில்லை. வெளிப்படப் பேசியிருந்தால் பள்ளி அழிந்திருக்கலாம். பேசாதிருந்ததால் அநீதிக்கு அவர் இசைந்தார் என்னும் பழி நிலைத்தது. பழியைத் தாம் ஏற்றுப் பள்ளியைக் காத்தார். எனினும் அம்மௌனத்தின் சுமையைத் தாங்கியவர் அவர் மட்டுமல்லர். வாக்குரிமைக்கு உறுதியான சட்டக் காப்பு 1965இல்தான் வந்தது. இரண்டு தலைமுறையினர் அதுவரை காத்திருந்தனர். அவரைப் போற்றுவோர் டுபாய்ஸின் வினாவையும் உடன்வைத்தே போற்றுதல் முறை.

1915 நவம்பர் 14ஆம் நாள் அவர் மறைந்தபோது, 30 பேருடன் தொடங்கிய பள்ளியில் ஏறத்தாழ 1,500 மாணவர் பயின்றனர். 1985இல் அது பல்கலைக்கழகமாயிற்று. மாணவர் தம் கையால் அறுத்துச் சுட்ட செங்கற்களால் கட்டப்பட்ட கல்லறையில் அவர் துயில்கின்றார்.

பள்ளிகளைப் பேணும் பெருமக்களே! கொடையாளரின் மனம் கோணாமல் நடப்பது எளிது. பிள்ளைகளின் உரிமைக்காக எந்த இடத்தில் பணியலாகாது என்று தெளிவது அரிது. அவ்வரிய வினாவை இளையோரும் எண்ணிப் பார்ப்பாராக.