பழகின வித்தை கைவிடாது

(பனமரத்துப்பட்டி வட்டார மகளிர் சுய உதவிக் குழுக் கூட்டமைப்புக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சேமிப்பு, உள்கடன், வங்கித் தவணை எல்லாம் பேசியாச்சு. இனி நம் வீட்டுப் பெண் பிள்ளைகளைப் பற்றிக் கொஞ்சம் பேசுவோம்.

'இறுதிச்சுற்று' படத்தை நம்மில் பல பேர் டிவியில் பார்த்திருப்போம். 2016 ஜனவரியில் வந்தது. மீன் விற்கிற மதி என்ற பெண், குத்துச்சண்டை வீராங்கனையாக உயர்கிற கதை. மதியாக நடித்த ரித்திகா சிங்குக்கு நடிப்பு தொழில் இல்லை. நிஜமாகவே சண்டைக்களத்தில் நின்றவர்.

அவர் மும்பைப் பெண். 1994-ல் பிறந்தவர். சின்ன வயசிலேயே அப்பா பயிற்சி கொடுத்தார். 2009-ல் ஆசிய உள்ளரங்கு விளையாட்டுப் போட்டியில், கையால் குத்தி காலால் உதைக்கிற கிக் பாக்சிங்கில் இந்தியாவுக்காக இறங்கினார். அப்போது வயது 14. பிறகு, 2012-ல் தொடங்கிய சூப்பர் ஃபைட் லீக் என்ற போட்டிக்குப் போனார். குத்து, உதை, குஸ்திப்பிடி மூன்றும் கலந்த சண்டை அது. கீழே விழுந்தாலும் ஆட்டம் முடியாது; தரையில் கிடந்தும் பிடி போட்டுப் போராடணும்.

அந்தப் போட்டியின் விளம்பரத்தில் பார்த்துத்தான் இயக்குநர் சுதா கொங்கரா இவரைத் தேடிப் போனார். தமிழ் தெரியாத பெண்தான். ஆனால் நிஜமாகக் குத்தத் தெரிந்த கை வேணும் என்று கூப்பிட்டார்கள். முதல் படத்திலேயே தேசிய விருதில் சிறப்புப் பாராட்டு கிடைத்தது. அதே வருஷம் 'ஆண்டவன் கட்டளை', 2020-ல் 'ஓ மை கடவுளே', 2024-ல் ரஜினி நடித்த 'வேட்டையன்' என்று அவர் பயணம் தொடர்ந்தது.

சகோதரிகளே, எல்லாப் பிள்ளையும் நடிகை ஆகணும் என்று நாம் சொல்லவில்லை. சினிமா அவரைத் தேடி வந்தது பிறகு. வித்தை பழகினது முதலில். அந்த 14 வயசை மட்டும் நினைத்துப் பாருங்கள். நம் ஊரில் அந்த வயசில்தான், "பெரிய மனுஷி ஆயிட்டே, இனி மைதானம் எதுக்கு?" என்று பிள்ளையை வீட்டில் உட்கார வைக்கிறோம்.

நம் சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டி மாரியப்பன், 2016 ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டித் தங்கம் வாங்கினார். காய்கறி விற்று வளர்த்தவர் அவர் அம்மா. ஏழைத்தாய் மகன் தாண்டலாம் என்றால், ஏழைத்தாய் மகள் ஓடக்கூடாதா?

செலவுக்கு என்ன பண்ணுவது என்று கேட்பீர்கள். ஆடு வாங்க உள்கடன் கொடுக்கிறோம். ஷூ வாங்கவும் கொடுக்கலாமே? அரசு விளையாட்டு விடுதிகளில் தங்கிப் படித்துக்கொண்டே பயிற்சி எடுக்கலாம். அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடும் உண்டு. மாவட்ட விளையாட்டு அலுவலரிடம் கேட்டால் விவரம் சொல்வார். வெளியூர்ப் போட்டிக்குத் தனியே அனுப்பப் பயமா? குழுவில் ஒருத்தர் மாற்றி ஒருத்தர் துணைக்குப் போவோம்.

அடுத்த கூட்டத்தில் ஒவ்வொரு குழுவும், தங்கள் ஊரில் விளையாட ஆசைப்பட்டு நின்றுபோன பிள்ளைகளின் பெயரை எழுதி வாருங்கள். யாருக்கு என்ன உதவி என்று சேர்ந்து பேசித் தீர்மானம் போடுவோம்.