கொத்தளத்தில் நின்ற உழவர்கள்

(தெலங்கானா ஆயுதப் போராட்டத் தியாகிகள் நினைவுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



இன்றைய சித்திப்பேட்டை மாவட்டத்திலுள்ள பைரான்பள்ளி கிராமத்தில் பழைய காவல் கொத்தளம் ஒன்று இன்றும் நிற்கிறது. ஊரார் அதனைப் புருஜு என்பர். 1948இல் அதன்மேல் காவல் நின்றவர்கள் பாசறையில் பயின்ற சிப்பாய்கள் அல்லர். உழவர்கள், கூலிகள், கைவினைஞர்கள். கொள்ளையிட வந்த ரஜாக்கர்களை அவர்கள் விரட்டியடித்தனர். அதற்குப் பழிதீர்க்க, ஆகஸ்ட் 27 அன்று ரஜாக்கர்களும் நிஜாமின் காவல் படையும் பெருந்திரளாக வந்து, பிடிபட்டவர்களை வரிசையாக நிறுத்திச் சுட்டுக் கொன்றனர்.

இம்மக்களை ஆயுதம் ஏந்தச் செய்தது வெட்டி முறை. தேஷ்முக்குகளின் வீட்டிலும் வயலிலும் கூலியின்றி உழைக்கும் கொடுமை. சோழர் கல்வெட்டுகளிலும் இச்சொல் ஊதியமற்ற உழைப்பையே குறிக்கும். தமிழில் அது கேலிச் சொல்லாகிவிட்டது. தெலங்கானாவில் அது அண்மைக்காலம் வரை முதுகெலும்பை முறித்தது. 1946 ஜூலை 4 அன்று கடவெண்டி கிராமத்தில் விசுனூர் தேஷ்முக்கின் அடியாட்கள் ஊர்வலத்தின் மீது சுட்டதில் தொட்டி கொமரய்யா வீழ்ந்தார். கவணும் கம்பும், பெண்கள் கையில் மிளகாய்த் தூளும் உலக்கையுமே தொடக்கக் காலத்து ஆயுதங்கள். துப்பாக்கி பின்னர் வந்தது. அதிலும் பெரும்பகுதி பகைவரிடமிருந்து பறித்தது.

கிராமக் குழுக்களில் சுமார் 10,000 பேரும், முழுநேர கெரில்லாக் குழுக்களில் சுமார் 2,000 பேரும் இருந்ததாகத் தோழர் பி. சுந்தரய்யா பதிவு செய்துள்ளார். ஏறத்தாழ 3,000 கிராமங்களில் 10 லட்சம் ஏக்கர் நிலம் பகிர்ந்தளிக்கப்பட்டது. சுடுவதைவிட, விளைச்சலைக் காப்பதே இப்படையின் முதற்பணி. பாலகுர்த்தியில் சலவைத் தொழிலாளர் சமூகத்தைச் சேர்ந்த ஐலம்மாவின் பயிரை அபகரிக்க தேஷ்முக்கின் ஆட்கள் வந்தபோது, சங்கத் தொண்டர்கள் அவர்களைத் துரத்திவிட்டுத் தானியத்தை ஐலம்மாவின் வீட்டிலேயே சேர்த்தனர்.

2022 முதல் ஒன்றிய அரசு செப்டம்பர் 17ஐ ஐதராபாத் விடுதலை நாளாகக் கொண்டாடுகிறது. முஸ்லிம் மன்னனிடமிருந்து இந்துக்கள் மீண்ட கதையாக இவ்வரலாற்றைத் திரிக்கும் பரப்புரையும் உடன் நடக்கிறது. விசுனூர் தேஷ்முக்கின் பெயர் ராமச்சந்திர ரெட்டி! அவரது நிலப்பறிப்பை எதிர்த்துக் கொல்லப்பட்டவர் ஷேக் பந்தகி. ரஜாக்கர்களை எழுத்தால் எதிர்த்ததற்காகக் கொல்லப்பட்ட பத்திரிகையாளர் ஷோயபுல்லா கான். 1947 செப்டம்பர் 11 அன்று ஆயுதமேந்த அறைகூவல் விடுத்த மூவரில் ஒருவர் கவிஞர் மக்தூம் மொகிதீன். இப்பெயர்கள் அந்த விழா மேடைகளுக்கு ஒவ்வாதவை.

அவர்கள் சொல்லாமல் விடும் பகுதி இன்னொன்றும் உண்டு. 1948 செப்டம்பரில் நிஜாம் பணிந்த பிறகு, ஊரைவிட்டு ஓடியிருந்த நிலப்பிரபுக்கள் இந்திய ராணுவத்தின் பின்னால் திரும்பி வந்தனர். பகிர்ந்த நிலத்தைப் பறித்தனர். ரஜாக்கர்களை எதிர்த்து நின்ற அதே உழவர்கள் மீது துப்பாக்கி திரும்பியது. 1951 அக்டோபரில் போராட்டம் விலக்கிக்கொள்ளப்படும் வரை, இரு ஆட்சிகளின் கீழும் சுமார் 4,000 பேர் உயிரீந்தனர். அடுத்து வந்த முதல் பொதுத்தேர்தலில் நல்கொண்டா மக்கள், போராட்டத் தலைவர்களில் ஒருவரான ராவி நாராயண ரெட்டியை, பிரதமர் நேரு பெற்றதைவிடக் கூடுதலான வாக்குகளை அளித்து நாடாளுமன்றத்துக்கு அனுப்பினர்.