பியானோப் போட்டியும் பிறவி வித்தையும்

(புதுச்சேரியில் செய்த சொற்பொழிவு)



சிறுவர் சிறுமியருக்கு நடத்தப்படும் பியானோப் போட்டிகளைப் பற்றி நாம் சில வார்த்தைகள் பேசவேண்டுமென்று இக்கூட்டத்தார் விரும்பியிருக்கிறார்கள். “பகுத்தறிவுக்காரருக்கும் பியானோவுக்கும் என்ன சம்பந்தம்?” என்று சிலர் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. ஒரு குழந்தை பரிசு வாங்கிவிட்டால் நம் ஜனங்கள் அது உழைத்த உழைப்பைப் பற்றிப் பேசுவதே இல்லை. “சரஸ்வதி கடாட்சம்” என்கிறார்கள்; “பூர்வ ஜென்ம வாசனை” என்கிறார்கள். பரிசு வாங்காத குழந்தைக்கோ “தலையெழுத்து” என்கிறார்கள். ஆகவே ஜெயித்தால் பெருமை சாமிக்கும், தோற்றால் பழி குழந்தைக்கும் என்றாகிறது. இது நியாயமா என்பதுதான் நம் கேள்வி.

முதலில் அந்த வாத்தியத்தைப் பாருங்கள். சுமார் 1700-ஆம் வருஷத்தில் இத்தாலி தேசத்து பிளாரன்ஸ் நகரில் கிரிஸ்டோபோரி என்னும் வாத்தியத் தொழிலாளி அதைச் செய்தார். இன்றைய பியானோவில் 88 கட்டைகள். வெள்ளை 52, கருப்பு 36. கட்டையை அழுத்தினால் உள்ளே கம்பளி சுற்றிய சுத்தியல் எழும்பிக் கம்பியை அடிக்கிறது. மெள்ள அழுத்தினால் மெல்லிய நாதம், ஓங்கி அழுத்தினால் பெரிய நாதம். அழுத்துகிற விரல் எந்த ஜாதி விரல் என்று சுத்தியல் கேட்பதில்லை. மந்திரம் சொல்லி அழுத்தினாலும் சொல்லாமல் அழுத்தினாலும் ஒரே சத்தந்தான்.

“இது அன்னிய வாத்தியமாயிற்றே, கமகம் வராதே!” என்பார்கள் சங்கீதப் பண்டிதர்கள். கமகம் வராதது மெய்தான். ஆனால் பத்து விரலாலும் பல சுரங்களை ஒரே சமயத்தில் எழுப்பும் வேறொரு சங்கீதம் அதில் இருக்கிறது. அதற்காகத்தான் அதைக் கற்கிறோம். மேலும், இவர்கள் கச்சேரிக்குப் பிடில் எங்கிருந்து வந்தது? வெள்ளைக்காரரிடமிருந்து பாலுசாமி தீட்சிதர் கற்றுக்கொண்டதல்லவா? பஜனை மடத்து ஹார்மோனியம் 1840-களில் பாரிசில் உருவானதல்லவா? பஜனைக்கு வந்தால் சுதேசி, பள்ளிக்கூடத்துக்கு வந்தால் அன்னியம் என்பது என்ன கணக்கு?

தோழர்களே! 2019-ஆம் வருஷத்தில் சென்னையைச் சேர்ந்த லிடியன் நாதஸ்வரம் என்னும் 13 வயதுச் சிறுவன் அமெரிக்காவில் நடந்த உலகப் போட்டியில் பியானோ வாசித்துப் பத்து லட்சம் டாலர் பரிசு பெற்றான். உடனே “தெய்வீகக் குழந்தை” என்றார்கள். அவன் தகப்பனார் சினிமா சங்கீத டைரக்டர். வீட்டில் வாத்தியங்கள் இருந்தன. கற்றுக்கொடுக்க ஆள் இருந்தது. பையனும் ஓயாமல் பழகினான். “அப்படியானால் பிறப்பால் வந்ததுதானே?” என்று கேட்காதீர்கள். வீட்டில் வாத்தியம் இருப்பது வேறு, ரத்தத்தில் வித்தை இருப்பது வேறு. அதே பிள்ளை வாத்தியமே இல்லாத வீட்டில் வளர்ந்திருந்தால் எந்தத் தெய்வம் வந்து கட்டையில் விரல் வைக்கச் சொல்லிக் கொடுத்திருக்கும்?

இன்னொரு சங்கதி. நம் புதுவைக்காரர்கள் குமாஸ்தாக்களாகவும் சிப்பாய்களாகவும் சைகோனுக்குப் போன காலம் உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியும். பிரெஞ்சுக்காரர் ஆண்ட அந்த வியட்நாம் தேசத்திலே, ஹனோய் நகரில், 1958-இல் தாங் தாய் சோன் என்பவர் பிறந்தார். தாயாரே பியானோ உபாத்தியாயினி. அமெரிக்க விமானங்கள் குண்டு போட்ட காலத்தில் சங்கீதப் பள்ளிக்கூடம் பட்டணத்தைவிட்டுக் கிராமத்துக்குப் போயிற்று. அங்கேதான் பிள்ளைகள் கிடைத்த பியானோவில் முறைபோட்டுப் பழகினார்கள். 1980-இல் வார்சா நகரத்தில் நடந்த ஷோப்பன் போட்டியில் அவரே முதற்பரிசு பெற்றார். 1927 முதல் நடந்துவரும் அப்போட்டியில் ஆசியாக்காரர் ஒருவர் முதலிடம் பெற்றது அதுதான் முதல் தடவை. 2021-இலும் 2025-இலும் அதே பரிசைப் பெற்ற இளைஞர்கள் இருவரும் அவரிடம் பாடம் கேட்டவர்கள். யுத்தத்தின் நடுவிலும் அந்தப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடமும் ஆசிரியரும் பியானோவும் கிடைத்தன. அதுதான் அவர் பெற்ற கடாட்சம்!

பெண் பிள்ளைகள் கதையையும் கேளுங்கள். மோசார்ட் என்னும் பெரிய சங்கீத வித்துவானுக்கு ஐந்து வயது மூத்த தமக்கை ஒருத்தி இருந்தாள். இருவரும் சிறுபிள்ளைகளாய் ஐரோப்பாவின் அரண்மனைகளில் சேர்ந்து வாசித்துப் பேர் வாங்கினார்கள். 1769-இல் தம்பியை இத்தாலிக்கு அழைத்துக்கொண்டு போனார் தகப்பனார். கலியாண வயது வந்துவிட்டதென்று தமக்கையை வீட்டில் வைத்துவிட்டார். சரஸ்வதி கையில் வீணையைக் கொடுத்துக் கும்பிட்டுவிட்டு, “பெண்ணுக்குப் பாட்டு எதற்கு, அடுப்பு இருக்கிறதே” என்கிற நம்மவர்கள் அந்தத் தகப்பனாருக்கு எந்த விதத்தில் மேல்?

இனி நம் ஊருக்கு வருவோம். இந்தப் புதுச்சேரியை ஒரு வாய்க்கால் இரண்டாய் வெட்டி, கிழக்கே வெள்ளையர் பட்டணம், மேற்கே கறுப்பர் பட்டணம் என்று வைத்திருந்தார்கள். பிரெஞ்சு ஆட்சி 1954-இல் கைமாறிவிட்டது. வாய்க்கால் மட்டும் மனதிலும் மடிச்சீலையிலும் இன்னும் ஓடுகிறது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை நல்ல பியானோவில் பழகுகிறது. ஏழைப் பிள்ளைக்குக் கிடைப்பது, கிடைத்தால், 61 கட்டையுள்ள மின்சாரக் கீபோர்டு. அதன் கட்டைக்குக் கனம் கிடையாது. பழகிய விரலைக் கொண்டுபோய்ப் போட்டி மண்டபத்துப் பெரிய பியானோவில் வைத்தால் விரல் தடுமாறத்தான் செய்யும். அப்போது நடுவர் எதற்கு மார்க்குப் போடுகிறார்? விரலுக்கா, தகப்பன் பணப்பைக்கா?

ஆகவே, போட்டி வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. யோக்கியமாய் நடக்கவேண்டும் என்கிறோம். பிள்ளையின் பேரும் தகப்பன் பேரும் நடுவருக்குத் தெரியவேண்டாம், இலக்கம் போதும். நடுவே ஒரு திரை கட்டுங்கள். அமெரிக்காவின் பெரிய வாத்தியக் கோஷ்டிகளில் திரைக்குப் பின்னால் வாசிக்கவைத்து ஆள் எடுக்கும் வழக்கம் 1970-களிலிருந்து பரவியது. அதன் பிறகு பெண்கள் அதிகமாய்ச் சேர்ந்தார்கள். நுழைவுக் கட்டணம் கூடாது. போட்டிக்கு முன் எல்லாப் பிள்ளைகளும் அந்த மண்டபத்துப் பியானோவிலேயே சமமான நேரம் பழக இடங்கொடுக்கவேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஊருக்குப் பொதுவாய் ஒரு பியானோ வேண்டும். 1827-இல் வெள்ளைக்கார சர்க்கார் ஆரம்பித்த புத்தகசாலை இன்று ரொமேன் ரோலண்டு பேரால் இருக்கிறது. அந்த ரோலண்டு, பேத்தோவன் என்னும் சங்கீத மேதையின் சரித்திரத்தை எழுதியவர். இன்று அங்கே எந்தத் தெருப் பிள்ளையும் போய்ப் படிக்கலாம். புத்தகத்துக்குச் செய்ததைப் பியானோவுக்கு ஏன் செய்யக்கூடாது? நம் கடற்காற்றில் கம்பி துருப்பிடிக்கும், பலகை உப்பும், சுருதி கலையும். அடிக்கடி சுருதி சேர்க்க ஆளும் செலவும் வேண்டும். அது மெய். சாமிக்குத் தேரிழுக்க வருஷந்தோறும் வசூலிக்க முடிகிற நமக்கு, இதற்குக் காசு வசூலிக்க முடியாதா?

தோழர்களே! அடுத்த தடவை ஒரு குழந்தை பரிசு வாங்கினால், “எந்தச் சாமிக்கு வேண்டிக்கொண்டாய்?” என்று கேட்காதீர்கள். “தினம் எத்தனை மணி பழகினாய்? யார் கற்றுக்கொடுத்தார்கள்?” என்று கேளுங்கள். தோற்ற குழந்தையிடம் “பழக உனக்கு வாத்தியம் கிடைத்ததா?” என்று கேளுங்கள். இல்லையென்று அது சொன்னால், அது அந்தக் குழந்தையின் தோல்வி அல்ல, நம்முடைய தோல்வி என்று உணருங்கள்.