பொத்தானுக்கும் படத்துக்கும் இடையே

டில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களில், இரவு எட்டு மணிக்குத் தொலைக்காட்சிப் பெட்டியின் முன் ஒரு சிறு வழக்கு நடப்பதுண்டு. தாத்தாவுக்குத் தமிழ்ச் செய்தி வேண்டும். பேரனுக்குக் கிரிக்கெட் வேண்டும். இருவரையும் திருப்தி செய்ய வீட்டார் மாறி மாறிப் பொத்தானை அழுத்துவர். அழுத்திய பின் திரை இருண்டு நிற்கிறது. பொத்தான் வேலை செய்யவில்லை என்று எண்ணித் தாத்தா மீண்டும் அழுத்துகிறார். வேண்டியதைத் தாண்டி அடுத்ததில் போய் நிற்கிறது. இணையவழித் தொலைக்காட்சியில் இத்தாமதம் ஏன் உண்டாகிறது, அதைக் குறைக்கும் உபாயங்கள் யாவை என்பதே இன்று நாம் பேசப் புகும் பொருள்.

கூரையில் ஆன்டெனா நட்டிருந்த காலத்தில் இத்தொல்லை இல்லை. எல்லா ஒளிபரப்பும் காற்றில் ஒருங்கே வந்தன. விநாடிக்கு 25 படங்கள். ஒவ்வொன்றும் தன்னளவில் முழுமையானது. பெட்டி ஒன்றைத் தெரிந்துகொண்டால் போதும். கண் இமைக்குமுன் காட்சி வந்துவிடும். இணையவழித் தொலைக்காட்சியிலோ, நாம் கேட்ட ஒன்றே கம்பி வழியாக வீட்டுக்கு வருகிறது. இங்கு அலையும் இல்லை, அதன் வரிசையும் இல்லை. ஆயினும் 'அலைவரிசை' என்றே சொல்கிறோம். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இது சற்று உறுத்தத்தான் செய்கிறது. என்றாலும் பழகிய சொல்லையே ஆள்வோம்.

பொத்தானை அழுத்தியதும் பெட்டி இரண்டு செய்திகளை அனுப்புகிறது: பழைய அலைவரிசையின் குழுவிலிருந்து விலகுகிறேன், புதியதில் சேர்கிறேன். விலகும் செய்தியை 1997-ல் வெளியான நெறிமுறை வகுத்தது. அதைப் பெற்ற கருவி, "அந்த அலைவரிசையை வேறு எவரேனும் பார்க்கின்றீரா?" என்று வினவிக் காத்திருக்கிறது. வழக்கமான அளவின்படி ஒரு விநாடி இடைவெளியில் இருமுறை வினவும். அதுவரை பழைய ஓட்டம் நிற்பதில்லை. கம்பி குறுகியதாயின் பழையதும் புதியதும் ஒரே வழியில் நெருக்கியடிக்கும். எந்தப் பெட்டி எதைப் பார்க்கிறது என்று இணைப்பகமே கணக்கு வைத்துக்கொண்டால், வினவாமல் உடனே நிறுத்திவிடலாம். செலவு குறைந்த திருத்தம் இதுதான்.

பெரிய தாமதம் படத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. இடத்தைச் சிக்கனம் செய்யும்பொருட்டு, முழுப்படத்தை எப்போதாவது ஒருமுறைதான் அனுப்புகிறார்கள். இடையில் வருவன முந்திய படத்திலிருந்து மாறிய பகுதிகள் மாத்திரமே. முழுப்படம் கைக்கு வராமல் பெட்டியால் எதையும் வரைய இயலாது. இரண்டு விநாடிக்கு ஒரு முழுப்படம் வருமாயின், சராசரியாக ஒரு விநாடி காத்திருக்க வேண்டும். முழுப்படங்களை அடிக்கடி அனுப்பலாமே எனில், கம்பியில் இடம் போதாது. இதற்கு மேல், வழியில் பொட்டலங்கள் தாமதித்தாலும் காட்சி தடைப்படாதிருக்கப் பெட்டி சிறிது சேமித்துக்கொண்டே காட்டத் தொடங்குகிறது.

கூய், அகமது, புருன்ஸ்ட்ரோம் என்னும் ஆய்வாளர்கள் 2006-ல் மக்களிடம் சோதித்தனர். பார்ப்பவர் ஐந்துக்கு 3.5 மதிப்பெண்ணாவது தரவேண்டுமாயின், தாமதம் 0.43 விநாடிக்குள் இருக்கவேண்டும் என்று கண்டனர். மனிதனின் பொறுமை அவ்வளவே!

ஆகவே வேறு உபாயம் தேடினர். அண்மையில் சென்ற காட்சிகளை ஒரு சேவைக் கணினி நினைவில் வைத்திருக்கும். பொத்தானை அழுத்தியவருக்கு மாத்திரம், கடைசி முழுப்படத்திலிருந்து தொடங்கி, வழக்கத்தைவிட விரைவாக அனுப்பும். பெட்டி நடப்பு ஓட்டத்தை எட்டிப் பிடித்ததும் பொதுக் குழுவில் சேர்ந்துகொள்ளும். இம்முறைக்கு 2011-ல் 6285 என்னும் எண்ணுள்ள நெறி ஆவணம் வெளியாயிற்று. நல்ல முறைதான், ஆனால் விளம்பர இடைவேளையில் ஊரே ஒருசேரப் பொத்தானை அழுத்தினால் சேவைக் கணினி திணறும்.

மற்றொரு உபாயம், அடுத்து எதைப் பார்ப்பார் என்று ஊகித்து முன்கூட்டியே வரவழைத்தல். வெளிமாநிலத் தமிழர் கவனிக்கவேண்டிய இடம் இதுவே. ஊகம் பெரும்பாலோரின் விருப்பத்தையே அடியொற்றினால், டில்லியில் இந்தி அலைவரிசைகள் முந்திக்கொள்ளும். அன்றியும், அந்தப் பகுதியில் ஒருவரேனும் பார்த்துக்கொண்டிருக்கும் அலைவரிசை இணைப்பகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். எவரும் பாராத தமிழ் அலைவரிசையை மேலே உள்ள கருவியிடம் கேட்டுப் பெறவேண்டும். இந்த வேறுபாடு பெரும்பாலும் விநாடியில் ஒரு பங்குதான். ஆயினும் மற்றத் தாமதங்களோடு அதுவும் சேர்கிறது. ஊரில் புயல் என்று கேள்விப்பட்டுச் செய்தியைத் தேடுபவருக்கு அதுவும் நீண்ட நேரமே.

இதற்கும் பரிகாரம் உண்டு. சில அலைவரிசைகளை, பார்ப்பவர் இருப்பினும் இல்லாவிடினும், இணைப்பகத்துக்கு எப்போதும் வந்துகொண்டிருக்குமாறு நிலையாக அமைத்துவிடலாம். இதனால் வீட்டுக் கம்பியில் சுமை ஏறாது. இணைப்பகத்துக்கு வரும் பெருவழியில்தான் சிறிது இடம் செலவாகும். தமிழ்க் குடும்பங்கள் மிகுந்த குடியிருப்புகளில் இவ்வாறு அமைக்கும்படி, சேவை அளிப்போரிடம் குடியிருப்போர் சங்கத்தின் வாயிலாக எழுதிக் கேட்கலாம். கேட்கும்போது அலைவரிசைகளின் பெயரையும், பார்க்கும் வீடுகளின் எண்ணிக்கையையும் குறிப்பிடுவது நலம்.